எல்லாச் செடிக்கும் ஆமாம்

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது இனத்தாவரவியல். எந்த ஊர்க்காரர்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதும் படிப்பு. "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று அப்பா கேட்காத நாளில்லை. மூலிகை மருந்துக் கம்பெனி ஒன்று, ஆய்வேடு முடிந்ததும் அதைப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

அந்த வருடம் முழுக்க அரைத்தூக்கத்திலேயே நடந்தேன் என்று தோன்றுகிறது. ரெட்டியார்பாளையத்து வீட்டில் என் கட்டிலுக்கடியில், செய்தித்தாள்களுக்கு நடுவே இலைகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாசனையே கண்ணைச் சொக்கவைக்கும். விடிந்ததும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக, படகுகள் எதன்மேல் மிதக்கின்றன என்றே தெரியாது. மீன் ஏலம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு மீன் விற்கும் ஓர் அக்காவிடம், கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியை நீட்டுவேன்.

"கெளுத்தி முள்ளு குத்தினா இத வதக்கிக் கட்டுவீங்களாக்கா?"

"ஆமாம்மா."

அடுத்த செடியை நீட்டுவேன். "இது ஜுரத்துக்கா?"

"ஆமா கண்ணு."

நோட்டு நிரம்பியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் அந்த அக்காவின் கையிலேயே கெளுத்தி முள் ஏறிவிட்டது. வீங்கிய கையோடு, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றார். இலை கட்டவில்லையா என்று கேட்டேன்.

"எலையா? ஊசி போட்டாத்தாம்மா கேக்கும்."

"அன்னிக்கு ஆமான்னு சொன்னீங்களேக்கா?"

வலியிலும் சிரித்தார். "வெயில்ல நடந்து வந்து ஆசையா கேக்குற. இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். கோபம் என்மேல்தான். புத்தகத்தில் படித்ததையெல்லாம் கேள்வியாக்கி, பதிலையும் நானே ஊட்டியிருக்கிறேன். இப்படிக் கேட்கக்கூடாது என்று முதல் வாரமே வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அழகான கையெழுத்தில் குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து செடியை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பலரும் "தெரியாதும்மா" என்றார்கள். பட்டியல் கால்வாசியாகச் சுருங்கியது. நிரம்பிய பழைய நோட்டை முன்பே பார்த்திருந்த கம்பெனிக்காரர் இதைப் புரட்டிப் பார்த்தார்.

"மிச்சமெல்லாம் எங்கம்மா?"

"அதெல்லாம் நான் சொன்னதுங்க சார். அவங்க சொன்னதில்ல."

வேலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பது நினைவில்லை. கேட்டருகே அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கெடச்சிடுச்சாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்ப்பா" என்றேன்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதமானது. உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றில் சின்ன வேலை கிடைத்த பிறகுதான் சொன்னேன்.