மதிவதனியும் முப்பத்தொரு க்வோத்தும்

பீளமேட்டில், அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இங்கிலாந்தில் அச்சாகப்போகும் புத்தகங்களை வரிவரியாகப் படித்துத் திருத்துகிறார்கள். நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் அந்த மாடியில் மதிவதனிக்குப் பதினோராவது ஆண்டு நடக்கிறது.

கிணத்துக்கடவு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தாள். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேச வராத மொழியை எழுத்தில் பிடித்துவிடலாம் என்று இலக்கணப் புத்தகங்களில் இறங்கினாள். அப்பா அங்கப்பன் தென்னந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறிப்பவர். "அம்மணி என்னமோ இங்கிலீசக் கழுவிக் காயப்போடறாளாமா" என்று தோப்பில் சொல்லிச் சிரிப்பார். வேலையை இதைவிடச் சரியாக மதிவதனியாலும் விளக்க முடிந்ததில்லை.

முதல் எட்டு ஆண்டுகள் அவள் கழுவியது மருத்துவ இதழ்களின் மேற்கோள் பட்டியலை. ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளி, ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, பக்க எண்களுக்கு நடுவே சின்னக் கோடு. ஒரு நாளைக்கு நானூறு வரி. நாவல் பிரிவுக்குப் போக உள்தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். அந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூட மறந்துபோனாள், அவ்வளவு சந்தோஷம்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் எழுத்தாளரிடம் கேட்கலாம். அதற்கு க்வெரி என்று பெயர். ஆனால் ஒரு புத்தகத்துக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. க்வெரி குறைந்தால் எழுத்தாளருக்குத் தொல்லை குறையும், பதிப்பகம் அடுத்த புத்தகத்தையும் தரும் என்பது கணக்கு. எழுத்தாளரிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தால்கூடப் போதும், நாவல் பிரிவிலிருந்து ஆளை மறுபடி மேற்கோள் பட்டியலுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுவரை அனுப்பப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

போன ஜூனில் ஒரு நாவல் வந்தது. பழைய இங்கிலாந்தின் துறைமுக ஊர் ஒன்றில் நடக்கும் கதை. எழுதியவர் யார்க்ஷயரில் வசிக்கும் எழுபது வயது அம்மையார். முன்பக்கத்திலேயே பதிப்பகம் குறிப்பு வைத்திருந்தது: எழுத்தாளரின் பழைய நடையில் கைவைக்க வேண்டாம்.

அந்தப் பழைய நடையில்தான் மதிவதனிக்கு நெருடியது. ஆங்கிலத்தில் 'க்வோத்' (quoth) என்றொரு வினைச்சொல் உண்டு. 'என்றான்', 'என்றாள்', 'என்றேன்' என்று பொருள். ஒரு காலத்தில் எல்லா வினைகளையும் போல அதற்கும் எல்லா உருவங்களும் இருந்தன. 'செட்' (said) என்ற சொல் அந்த வேலையை எடுத்துக்கொள்ள, மற்ற உருவங்கள் உதிர்ந்துபோய் இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. 'நான்', 'அவன்', 'அவள்' ஆகியவற்றோடு வரும், 'நீ'யோடு சேராது. எழுவாய்க்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். ஒருவர் பேசியதை அவர் வாய்ச்சொல்லாகவே எடுத்துக் கொடுக்கும்போதுதான் வரும். 'வருவதாகச் சொன்னான்' என்பது போன்ற இடத்தில் அதற்கு வேலையில்லை. பழைய கதைப்பாடல்களில் அரசனும் திருடனும் மாறி மாறிப் பேசும்போது வரிக்கு வரி நிற்கும். இன்று பெரும்பாலும் கேலிக்காகவோ, கதைக்குப் பழைய வாசனை ஏற்றவோதான் எடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சொற்கள் மதிவதனிக்கு அந்நியமாகவே பட்டதில்லை. தமிழில் 'போதும்' இருக்கிறதே, யாராவது 'போதினேன்' என்கிறார்களா?

நாவலில் க்வோத் எண்பத்தேழு இடங்களில் இருந்தது. கணினியின் தேடல் கட்டத்தில் சொல்லைப் போட்டு ஒவ்வொன்றாகத் தாவிப் பார்த்தாள். முப்பத்தொரு இடங்களில் பிழை. எதிர்காலத்தில் ஒன்று, 'நீ'யோடு ஆறு, 'டிட் க்வோத்' என்று காலத்தின் மேல் காலம் ஏற்றியது ஒன்று, மற்றவை வேறு விதம்.

பக்கத்து இருக்கை ஜெரோம் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, முப்பத்தொண்ணா? க்வெரி அனுப்பறீங்களா, பரிட்சைப் பேப்பர் திருத்தறீங்களா?"

"சிரிக்காத ஜெரோம். கண்ணுல பட்டுப்போச்சு."

"கண்ண மூடிக்கிட்டுப் போங்க. கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போடலீங்க."

"அதுக்கு இப்படியொரு வார்த்தை இருக்கறது மட்டுந்தான் தெரியும். எங்க வரும், எங்க வராதுன்னு அதுக்கென்ன தெரியும்?"

முப்பத்தொன்றையும் ஒரே க்வெரியாகக் கட்டினாள். இடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் காரணம், மாற்றுச் சொல். மேலாளர் ஷ்ரவ்யாவின் ஒப்புதல் இல்லாமல் அது வெளியே போகாது. ஷ்ரவ்யா மதிவதனியைவிட ஏழு வயது இளையவள். இவள் அவளை மேடம் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

"மதிக்கா, அது அவங்க பாஷைங்க. அந்தம்மா இருபது புக்கு எழுதியிருக்காங்க."

"பாஷை அவங்களுதுதானுங்க மேடம். ஆனா புக்கு வெளிய வந்தப்புறம் எவனாச்சும் எடுத்துக் காட்டுனா, திருத்துனது யாருன்னுதான் கேப்பாங்க."

"கம்ப்ளெய்ண்ட் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி ரெஃபரன்ஸ்தான். தெரியுமில்ல?"

"எட்டு வருஷம் இருந்த எடமாச்சே, தெரியாமயா? அதனாலதான் ஒண்ணுக்கு நாலு தடவ பாத்துப்போட்டுத்தான் கேக்கறேன்."

ஷ்ரவ்யா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

மாலை ஆறு மணிக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். ஈச்சனாரி தாண்டியதும் முன்சீட்டில் இருந்த ஆள் கைபேசியை எடுத்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தான்.

"யெஸ் சார்! நேத்தே ஐ டிட் டோல்டு ஹிம் சார்! டுமாரோ டெஃபனிட்லி ஐ வில் கேம்!"

பேசி முடித்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பக்கத்தில் இருந்த பெண் மதிவதனியின் காதில், "பெரிய ஆபீசராட்ட இருக்குதுங்க" என்றாள். மதிவதனிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

நாவலில் ஒரு சத்திரக்காரன் வருகிறான். படித்தவர்கள் தங்கிப் போகும் சத்திரம். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, புரியாமலே பெரிய சொற்களாக அள்ளி விடுகிறவன். 'டிட் க்வோத்' அவன் வாயில் வருவது. பட்டியலில் அவன் வாயில் வரும் பிழைகள் இன்னும் மூன்று இருந்தன. நான்கும் எழுத்தாளரின் பிழைகள் அல்ல. அவர் வேண்டுமென்றே அவனைப் பேசவைத்தவை.

தேடல் கட்டம் ஒரு சொல்லையும் அதன் இருபுறமும் ஐந்தாறு சொற்களையும்தான் காட்டும். யார் பேசுகிறார்கள் என்று காட்டாது. முழு நாவலையும் படித்தவள்தான் அவள். ஆனால் இந்தச் சொல்லுக்கு வந்தபோது படிக்கவில்லை, தாவினாள்.

பஸ்ஸிலிருந்தே ஷ்ரவ்யாவைக் கூப்பிட்டாள்.

"விட்டுருங்கக்கா," என்றாள் ஷ்ரவ்யா. "அந்தம்மா கவனிச்சாக் கவனிக்கட்டும். நாமளே மறுபடி மெயில் போட்டா, நமக்கே நிச்சயமில்லீன்னு ஆயிரும். முப்பத்தொண்ணும் போயிரும்."

"அந்த நாலும் நான் பண்ணுன தப்புங்க மேடம். இதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க."

"காலைல பேசலாம்."

வீட்டில் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தவளை அம்மா வள்ளியாத்தாள் கவனித்தாள்.

"என்ன அம்மணி, சோத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கற?"

"வேலைல ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்கம்மா."

"தப்பத் திருத்தறதுக்குத்தான உனக்குச் சம்பளம்? நாளைக்குப் போயித் திருத்திப்போடு. ரசம் ஊத்தட்டுமா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே இரண்டாவது கடிதம் தயாராக இருந்தது. மதிவதனி ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: "நான்கு இடங்களில், பேசுவது யார் என்று பார்க்காமல் கேட்டுவிட்டேன். அந்தப் பிழைகள் சத்திரக்காரனுடையவை, உங்களுடையவை அல்ல. அவன் அப்படித்தான் பேசுவான். அந்த நான்கையும் திரும்பப் பெறுகிறேன். மற்ற இருபத்தேழையும் திரும்பப் பெறவில்லை."

ஷ்ரவ்யா கடைசி வரியில் நின்றாள். "இத எடுத்துரலாமுங்களா? வம்புக்கு இழுக்கற மாதிரி இருக்குது."

"இருக்கட்டுமுங்க மேடம். அது உண்மைதானுங்களே."

கடிதம் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பதில் இல்லை. மூன்றாம் நாள் மாலை மதிவதனியின் கணினியில் அவள் பெயருக்குப் புதிதாக ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது: இதய மருத்துவ இதழ், மேற்கோள்கள், அறுநூறு வரி. "சும்மா ஒரு ஏற்பாடுதானுங்க," என்றாள் ஷ்ரவ்யா, அவளை நேராகப் பார்க்காமல். மதிவதனி அதைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் பதில் வந்தது. ஷ்ரவ்யா கணினியை மதிவதனியின் பக்கம் திருப்பிவைத்தாள். இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

"உங்கள் முதல் கடிதம் எனக்கு எரிச்சலூட்டியது," என்று தொடங்கியிருந்தார் அந்த அம்மையார். "என் சத்திரக்காரனையே அடையாளம் தெரியாத ஒருவர் எனக்கு இலக்கணம் சொல்கிறாரே என்று பதிப்பகத்துக்குப் புகார் எழுதி வைத்தேன். அனுப்புவதற்குள் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. தன் பிழையைத் தானே கண்டுபிடித்தவர் என் பிழைகள் என்று எவற்றைச் சொல்கிறார் என்று உட்கார்ந்து பார்த்தேன். பார்க்க மூன்று நாள் ஆயிற்று. இருபத்தேழும் சரி. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் காதில் விழுந்த ஓசையை மட்டும் நம்பி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். புகாரைக் கிழித்துவிட்டேன். அடுத்த நாவலையும் உங்களிடமே கொடுக்கும்படி பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன்."

மதிவதனி இரண்டாம் முறையும் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

ஜெரோம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். "பாத்தீங்களா! இங்கிலீசுக்காரங்களுக்கே எங்கக்கா இங்கிலீசு சொல்லிக்குடுத்துப்போட்டாங்க! பார்ட்டி வெக்கோணும்!"

"சொல்லிக்குடுக்கறதுக்கு நான் யாரு? அவங்க எழுதுனதப் படிச்சேன், அவ்வளவுதான். அதுலயும் மொதல்ல ஒழுங்காப் படிக்கல."

"சரி, பார்ட்டி?"

"சாயங்காலம் பப்ஸ் வாங்கித் தாரேன், பேசாம வேலயப் பாரு."

ஷ்ரவ்யா தன் இருக்கைக்குப் போய் ஏதோ தட்டினாள். மதிவதனியின் திரையிலிருந்து இதய மருத்துவக் கோப்பு மறைந்தது.

"மதிக்கா, அத வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். உங்களுக்குத்தான் நாவல் வருதே."

"வரட்டுமுங்க மேடம்," என்றாள் மதிவதனி. மாடி முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.