சோதனைக்கு வந்த அழகான மாத்திரை

அவர் இருபத்திரண்டு வருடம் பால் பண்ணையில் கலப்படம் பிடித்தவர். இப்போது சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள அறையில், ஜிம்முக்குப் போகிறவர்கள் கொண்டுவரும் ஸ்டீராய்டு ஊசியையும் மாத்திரையையும் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறார். பால்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கதவகலத்துக்குத் தோள் வளர்த்தவர்கள் அவர் முன்னால் பவ்யமாக நிற்பார்கள்.

"இதெல்லாம் எதுக்குப்பா" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அதைக் கேட்க அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது. பெயர் வேண்டாம், டோக்கன் போதும். சோதனை முடிவை, மருந்தைக் கொண்டுவந்தவரிடம் மட்டும்தான் சொல்வார். கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார். ஒருவர் கொண்டுவந்த புட்டியில் வெறும் சமையல் எண்ணெய் இருந்தது. அதை மூன்று மாதம் ஏற்றி நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றுவிட்டதென்று அந்த ஆள் நாடா வைத்து அளந்து காட்டினார். பால்காரர் சிரிக்கவில்லை. நாடாவை வாங்கி மடித்துக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை டோக்கனோடு வந்து உட்கார்ந்தது அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பதினோரு வருடமாக மைக்கில் சொல்கிறவள். அந்த வேலையையே அவள் குரலுக்காகத்தான் கொடுத்தார்கள். பளு தூக்கும் போட்டிக்குப் போகிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை சமாச்சாரம் தெரியாது.

"அக்காவுக்குத் தெரிய வேண்டாம் மாமா."

"இங்க யாரும் யாருக்கும் மாமா இல்ல. டோக்கனைக் குடு."

வெள்ளைத் தாளில் பொதிந்து ஒரே ஒரு மாத்திரை கொண்டுவந்திருந்தாள். சோதித்ததில், டப்பா லேபிளில் எழுதியிருப்பதாக அவள் சொன்ன மருந்தேதான், அளவும் சரி.

"எழுதினது இருக்கு. பொம்பளைங்களுக்கு லேசானதுன்னு பேரு, ஆனா இதுவே குரலைத் தடிக்க வைக்கும். தொண்டை கொஞ்சம் கம்மினாலும் அன்னைக்கே நிறுத்திடணும். முத்த விட்டா பழைய குரல் வராது."

"சரிங்க மாமா" என்று எழுந்து போனாள்.

ஐந்து வாரம் கழித்து அவர் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது ஏழாம் மேடை அறிவிப்பு கரகரத்தது. ஒலிபெருக்கி பழுது என்று நினைத்தார். மறுநாளும் பழுதாகவே இருந்தது. மூன்றாம் நாள் மைக் அறைக்கே போய்விட்டார். கழுத்தில் துணி சுற்றி, வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேன் காத்து மாமா. மருந்துதான் நல்லதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

"எழுதினது இருக்குன்னு சொன்னேன். நல்லதுன்னு சொல்லல. மிச்சத்தைக் காட்டு."

டப்பாவைக் கவிழ்த்தாள். பாதி உடைந்தது, ஓரம் தேய்ந்தது, நிறம் மங்கியது என்று என்னென்னவோ விழுந்தன.

"எனக்குக் குடுத்தது இப்படி இல்லையே."

"சோதனைக்காச்சேன்னு இருக்கறதுலயே அழகானதாப் பார்த்து எடுத்து வெச்சேன் மாமா. ஒடஞ்சதைப் போய் உங்க முன்னாடி எப்படி நீட்டறது? அதை வீணாக்க வேண்டாம்னு முதல்ல நான் சாப்பிட்டேன்."

உடைந்ததை எடுத்துப்போய்ச் சோதித்தார். வேறு மருந்து, ஆண்களே யோசித்துப் போடும் சரக்கு. எந்தப் புண்ணியவானோ இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் கொட்டி விற்றிருக்கிறான். பாலில் மாதிரி எடுக்கும்முன் கேனை அடிவரை கலக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் கலக்காமல் மொண்டதில்லை. அன்றைக்கு எதிரே மச்சினி உட்கார்ந்திருந்த கூச்சத்தில், "மத்ததெல்லாம் இதே மாதிரிதானா" என்ற ஒரு கேள்வியை விழுங்கிவிட்டார். தன்னைத்தானே அறையலாம் போலிருந்தது.

"இன்னையோட நிறுத்து. தொண்டை டாக்டரைப் பாரு" என்றார் திரும்பி வந்து.

"குரல் வந்துடுமா மாமா?"

"கொஞ்சம் தெளியலாம். பழையபடி வராது."

அவள் தலையாட்டினாள். மூன்றாம் மேடை வண்டிக்கு நேரமாகிவிட்டதால் மைக்கை இழுத்து அதையும் அறிவித்தாள்.

மாத்திரையை விட்டாள், டாக்டரையும் பார்த்தாள். குரல் இறங்கிய இடத்திலேயே நின்றது. அவளை மைக்கிலிருந்து எடுத்து, தொலைந்த சாமான்களைப் பதிவு செய்யும் அறைக்கு மாற்றினார்கள். அக்கா வீட்டுக்கு வருவதை ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். எல்லாம் குறுஞ்செய்தியிலேயே நடந்தது. மனைவி குறைபட்டுக்கொள்ளும் போதெல்லாம் பால்காரர் செய்தித்தாளைப் பெரிதாக விரித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"யாரு? இல்ல தம்பி, நம்பர் தப்பு" என்று வைத்துவிட்டு வந்தாள். "யாரோ ஒரு ஆளு. எடுத்ததும் அக்காங்கறான்."

பால்காரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். மறுபடி அடித்தபோது அவரே போய் எடுத்தார்.

"அக்காவுக்கு என்னைத் தெரியல மாமா" என்றது குரல். "நீங்களே சொல்லிடுங்க."

"நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் ரிசீவரை மனைவியிடம் நீட்டினார். "உன் தங்கச்சி."

"விளையாடாதீங்க" என்று வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை அக்கான்னு சொல்லு" என்றாள்.