பஸ்ரா குழாய்த் தண்ணீர்

பஸ்ராவில் ஆண்கள் வெளியே போயிருக்கும் வீடுகளில் மின்விசிறி நின்றால் பத்ரியாவைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ஒயரிங் பார்க்கிறவள், வீட்டில் மட்டும் கணவர் கத்பானிடம் மின்சாரப் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

அன்று ஏர்கூலர் ஒழுகித் தரையெல்லாம் ஈரம். கத்பான் வெறுங்காலோடு பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"அபூ ஸல்வான், செருப்பைப் போட்டுக்குங்க!" என்று, மகன் பெயரோடு சேர்த்துக் கணவரைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி கத்தினாள் பத்ரியா.

"சுத்தமான தண்ணியில கரண்ட் பாயாதுன்னு டிவியில ஒரு விஞ்ஞானியே சொன்னாரு."

பத்ரியா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரை எடுத்தாள். சின்ன பேட்டரியோடும் எல்இடி விளக்கோடும் சேர்த்த இரண்டு ஒயர் முனைகளை அதில் நனைத்தாள். விளக்கு எரியவில்லை.

"பாத்தியா!" என்று கத்பான் மீசையைத் தடவினார்.

அடுத்து குழாய்த் தண்ணீரில் நனைத்தாள். விளக்கு மினுங்கியது. மீசையிலிருந்து கை இறங்கியது.

"விஞ்ஞானி சொன்னது சரிதான். அவரு நம்ம ஊர் குழாயைத் திறந்து பாக்கல, அவ்வளவுதான். கரண்டைச் சுமந்துட்டு ஓட ஆள் வேணும். செம்புல எலக்ட்ரானுங்க அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி திரியுது. சுத்தத் தண்ணியில சுமக்க ஆளில்ல. இதுல கரைஞ்ச உப்பு சுமக்குது."

"அப்ப ரப்பர்ல எலக்ட்ரானே இல்லியா?"

"இருக்கு. வெள்ளிக்கிழமை லீவுல உங்களை மாதிரி, இடத்தை விட்டு நகராது."

மறுநாள் டீக்கடையில் கத்பான் இதையெல்லாம் தன் சொந்த ஆராய்ச்சியாக விளக்கினாராம். ஆட்டு உவமையைக்கூட விடவில்லையாம்.