படுக்க வைக்கக்கூடாத பெட்டி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராயபுரத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் வேலை. முதலாளி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போட்டார். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் கிளம்பும்போது, "ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்கோ சார். இத்தப் படுக்க வெச்சிடாத, அப்பால எய்ந்துக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிறையப் படித்தவன் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆகவே நான்தான் உரை சொன்னேன்: அணைக்கக்கூடாது என்கிறான்.

அன்றிலிருந்து அது அணையவில்லை. ஆனால் ஓடுகிற மிஷினைத் தனியே விட்டால் தீப்பிடிக்கும் என்பது முதலாளியின் நம்பிக்கை. உரை சொன்னவனே காவலும் இருப்பது என்று முடிவாயிற்று. வாட்ச்மேனும் நானும் மாறி மாறி ராத்திரிகளைக் கழித்தோம். அந்த அறையில் படுக்க எங்களுக்கு மட்டும் அனுமதி.

என் மனைவியின் வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டில்தான். முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வாட்ச்மேன் லீவு. நான் மிஷினோடு இருந்தேன். மாமியார் போன் செய்தார்.

"இன்னா மாப்ள, ஜனம் வந்து குந்திகினு கீது. நீங்க எங்க கீறீங்க?"

"மிஷினை விட்டு வர முடியல அத்தை."

"எம்பொண்ணுதான் புள்ளத்தாச்சின்னு பாத்தா, அங்கயும் ஒண்ணு கீதா?"

வைத்துவிட்டு மெக்கானிக்கின் கடைக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் படுக்க வைத்தால் எழுந்திருக்காதா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் படுக்க வெக்கிற? நிக்கிற பொட்டி நின்னுகினே இருக்கட்டும். சாய்ச்சா உள்ள ஒரு கார்டு கழண்டுக்கும்."

"அணைச்சா?"

"அணைச்சுக்கோ. அதுக்குத்தான சுச்சி கீது." சற்று யோசித்தான். "இன்னும் நீ அணைக்கவே இல்லியா?"

போனை வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அவன் சொல்றது சரிதான்யா. ஆனா இத்தினி மாசம் ஓடியே பழகினது. திடீர்னு நிறுத்தி, காலைல எழுந்துக்கலேன்னா? கப்பல் வருது. நாளைக்கு நானே வந்து நிறுத்திப் பாக்கறேன். இன்னைக்கு நீ இரு."

குழந்தை பிறக்கப்போகிறவன் வேலையோடு விளையாட மாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தேன். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சாயங்காலம் மனைவி பேசினாள். "கெளம்பிட்டோம். ஆட்டோ வந்து நிக்குது."

"சாப்பிட்டியா?"

"ஏழு வகை சோறு. நீதான் வளையல் பாக்கலியே, இந்தா." ரிசீவரின் பக்கத்தில் கையை ஆட்டினாள். "கேக்குதா?"

மிஷினின் விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தரம்" என்றேன்.

ஆட்டினாள். கேட்டது என்று சொன்னேன்.