வால்வுகளுக்கு வைத்த பொட்டு

என் அத்தைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஊரே தேர் பார்க்கப் போயிருக்கும்போது வீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தாத்தாவின் வால்வு ரேடியோவுக்குக் குங்குமம் வைத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது.

தாத்தா காலமானதும், அமராவதிபுதூர் வீட்டில் கிடந்த பழஞ்சாமான்களை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வது என்று அப்பாவும் பெரியப்பாவும் முடிவு செய்தார்கள். தங்கச்சியான அத்தை, தனக்கு ரேடியோ மட்டும் போதும் என்றாள். தாத்தா அதைப் பழுது பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் அவள்தான். "ஒனக்கு எதுக்குத்தா அது? நல்ல வெலை போகும்" என்று பெரியப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அத்தை மறுபடி கேட்கவில்லை. அவள் பேசாமலிருந்தால் ஏதோ முடிவு கட்டிவிட்டாள் என்று அர்த்தம். உடன்பிறந்தும் பெரியப்பாவுக்கு அது தெரியாது.

காரைக்குடியிலிருந்து பழம்பொருள் கடைக்காரர் வருவதாக இருந்த அன்று காலை, அத்தை ரேடியோவின் பின்பலகையைக் கழற்றி பல்பு மாதிரி இருந்த ஐந்து கண்ணாடி வால்வுகளையும் உருவினாள். எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் ஒன்றின் அடியில் ஒரு பொட்டு, அடுத்ததற்கு இரண்டு, இப்படியே ஐந்துவரை வைத்தாள். பெட்டிக்குள் அவை உட்காரும் குழிகளின் பக்கத்திலும் அதே மாதிரி. பிறகு என் கையில் ஈரத்துணியைக் கொடுத்து, கண்ணாடிமேல் அச்சடித்திருந்த நம்பரெல்லாம் போகத் துடைக்கச் சொன்னாள். தேய்ப்பதற்கு முன்பே அழிந்தது.

கடைக்காரர் தொழில் தெரிந்தவர். மரத்தைத் தட்டி, உளுத்த மாவு கொட்டுகிறதா என்று பார்த்தார். டிரான்ஸ்பார்மரை மோந்து பார்த்துக் கருகல் வாடை இல்லை என்றார். ஸ்பீக்கர் காகிதம் கிழியவில்லை என்றார். பெரியப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கடைசியாக, எவர்சில்வர் தட்டில் பளபளத்த வால்வுகளைக் கையில் எடுத்தார்.

"என்னத்தா இப்புடிப் பண்ணிட்டீக! நம்பரை அழிச்சுட்டா எது எந்தக் குழிக்குன்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது? மாத்திச் சொருகுனா பொகைஞ்சு போகுமே."

"பளிச்சுன்னு இருந்தா வெலை கூடக் குடுப்பீகன்னு நெனச்சேண்ணே" என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

பொட்டை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. டிராக்டருக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிற ஊர்தானே. வெறும் பெட்டிக்கு என்று அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பெரியப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு ஒன்னையத் துடைக்கச் சொன்னா? நீயே கட்டிக்கிட்டு அழு!"

அத்தை பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் வால்வுகளை ஒவ்வொன்றாக, துளி தயக்கமில்லாமல் செருகி சுவிட்சைத் திருப்பினாள். உள்ளே மெல்லச் சிவந்தது. கொஞ்சநேரம் கரகரத்துவிட்டு யாரோ செய்தி வாசித்தார்கள். அத்தை நிஜமாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லாம் பொட்டின் மகிமை என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் குளித்துவிட்டு வந்து, ஓடாமல் கிடந்த என் பொம்மைக் காருக்கு ஐந்து பொட்டு வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டும் பார்த்தேன். அது அசையவில்லை. கும்பிடாத அத்தைக்கு மட்டும் கொடுக்கிற சாமிமேல் எனக்கு வந்த ஆத்திரம் ரொம்ப நாள் தீரவில்லை.