யோபு வீட்டம்மா

நெடுங்காட்டுக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் குடியிருக்கும் மங்கையர்க்கரசிக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான்: பரவாயில்லை. அதை அவள் கல்யாணத்தன்றே கேட்டுவிட்டாள். முன்பணம் வாங்கிய நாதஸ்வரக்காரர் வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விட, அவளுடைய அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மணவறையிலிருந்து மாப்பிள்ளை சிதம்பரநாதன், "பரவால்லங்க மாமா" என்றார். என்ன நல்ல குணம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அந்த வயதில் அப்படித்தான் தோன்றும்.

பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதரிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தான் என்று. சினைப்பசு செத்தது, பரவாயில்லை. புயலில் மேற்குச் சுவர் விழுந்தது, பரவாயில்லை. போர்செட் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவன் எவன் என்று ஊருக்கே தெரிந்தும், அவனே எதிரில் வந்து, "மோட்டார் காணாமப் போச்சாமே?" என்று விசாரித்தபோதும் பரவாயில்லை. ஊர் அவரைப் பொறுமைசாலி என்று கொண்டாடியது. அவருக்குச் சேர்த்து வாய் திறக்க வேண்டியிருந்ததால் மங்கையர்க்கரசிக்கு வாயாடி என்று பெயர். "இந்த அம்மாகிட்ட மனுசன் எப்படித்தான் குடித்தனம் பண்றாரோ" என்று அவள் காதில் விழும்படியே பேசுவார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். இப்போது ஆபத்து வந்திருப்பது அவளுடைய நிலத்துக்கு. அப்பா அவளுக்கென்று எழுதிக் கொடுத்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். காவிரி எங்கெங்கோ சுற்றி, வழியிலுள்ளவர்கள் எல்லோரும் அள்ளியது போக மிச்சம் மீதி வந்து சேருகிற கடைமடை. அந்த மிச்சமும் மூன்று வருடமாக வரவில்லை. காரணம், வாய்க்காலின் மேல்பக்கத்தில் ஊர்ப் பணக்காரர் ஹரிஹரன் கட்டிய கல்யாண மண்டபம். கார் நிறுத்த இடம் போதாமல் வாய்க்கால்மேல் கான்கிரீட் போட்டு, வழவழவென்று டைல்ஸும் பதித்துவிட்டார். கேட்டால், அடியில் குழாய் போட்டிருக்கிறேன் என்பார். போட்டிருந்தார்தான். வாய்க்கால் தரைக்கு இரண்டு முழம் மேலே போட்டிருந்தார். ஆற்றுத் தண்ணீர் அதில் ஏறாது. முகூர்த்த நாளில் மண்டபத்துக் கழிவுநீர் மட்டும் ரச வாசனையோடு வந்து சேரும், கூடவே காகிதக் கோப்பைகள். மறுநாள் காலை சிதம்பரநாதன் வயலில் இறங்கி அந்தக் கோப்பைகளைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அழகாக அடுக்கி வரப்பில் வைப்பார்.

இந்தப் புரட்டாசியில் நேரடியாக விதைத்த சம்பா விரல் நீளம் முளைத்து மஞ்சளடித்துப்போய் நின்றது. நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஹரிஹரன் ஆள் அனுப்பினார். விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு எதற்கு அவதி, நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று. மண்டபத்தில் கூட்டம் பெருகிவிட்டதாம், இன்னும் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். சிதம்பரநாதன் வாய் 'ப' என்று குவிவதைப் பார்த்த மங்கையர்க்கரசி, "யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க" என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

விஷயம் பரவியதும் ஆறுதல் சொல்ல மூன்று பேர் வந்தார்கள். மூவரும் அவருடைய பால்ய சிநேகிதர்கள். முதலாமவர், "ஏழரைச் சனி. திருநள்ளாறு போய் நளத் தீர்த்தத்துல முழுகிட்டு வா" என்றார். இருக்கிற வேட்டிகளில் பாதியைச் சிதம்பரநாதன் அந்தக் குளக்கரையில்தான் விட்டிருந்தார். சனீஸ்வரனுக்கு அவர் தெரிந்த முகம். இரண்டாமவர், "அம்பகரத்தூர் ஆத்தாளுக்கு ஏதோ குறை வச்சிருக்க, நல்லா யோசிச்சுப் பாரு" என்றார். மூன்றாமவர் படித்தவர். "நீ விவசாயம் பண்ற முறையே தப்பு" என்றார். ஹரிஹரனின் குழாயைப் பற்றி மூவரும் மூச்சு விடவில்லை, மூன்று பேர் வீட்டிலும் அடுத்தடுத்து அந்த மண்டபத்தில் கல்யாணம் இருந்தது. இரண்டு முறை காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். டம்ளர் கழுவியது மங்கையர்க்கரசி.

அந்த வாரத்தில்தான் விருது வந்தது. ஹரிஹரன் தலைமையில் சர்வசமய நல்லிணக்க மன்றம் என்று ஒன்று உண்டு. வருடம் ஒரு நற்குணத்துக்கு விருது கொடுப்பார்கள். வாய்மைக்கான விருதை ஒரு மனைத் தரகருக்குக் கொடுத்தார்கள். ஈகைக்கான விருதைத் தலைவர் தமக்கே கொடுத்துக்கொண்டார். இந்த வருடம் கிறிஸ்தவர்களின் முறை என்பதால், அவர்களுடைய வேதத்தில் வரும் பொறுமைசாலி பெயரில் யோபு விருது; பெறுபவர் சிதம்பரநாதன். விருது வாங்குகிற கை அப்படியே பெண்டாட்டியிடம் நிலப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிவிடும் என்று ஹரிஹரன் கணக்குப் போட்டது மங்கையர்க்கரசிக்கு அழைப்பிதழைப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

காரைக்காலில் கன்னியர் மடத்து விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. மறுநாள் கொண்டைக்கடலை ஊறப்போட்டுக்கொண்டே தலைமை சிஸ்டரிடம் கேட்டாள்.

"யாரு சிஸ்டர் இந்த யோபு?"

சிஸ்டர் மகிழ்ந்துபோய்ச் சொன்னார். பெரிய பணக்காரன், பரம யோக்கியன். ஒரே நாளில் ஆடு மாடு, ஒட்டகம், பத்துப் பிள்ளைகள் எல்லாம் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்தான். அப்போதும் கடவுளே கொடுத்தார், கடவுளே எடுத்துக்கொண்டார் என்று பொறுத்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாம் ரெண்டு மடங்கா திரும்பக் கெடச்சுது."

"நடுவுல?"

சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "நடுவுல கொஞ்சம் கத்துவாரு."

"கொஞ்சம்னா?"

"ம்... இருபது அதிகாரம் வரும்."

மங்கையர்க்கரசி கடலையை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். சிஸ்டருக்கு வேறு வழியில்லை. தான் பிறந்த நாளையே அவன் சபித்ததையும், நான் செய்த தப்பு என்ன, நேரில் வந்து சொல் என்று கடவுளையே வழக்குக்கு இழுத்ததையும் சொன்னார். ஆறுதல் சொல்ல வந்த கூட்டாளிகள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று வாயடித்ததையும் சொன்னார்.

"எத்தனை கூட்டாளிங்க?"

"மூணு பேரு."

"காப்பி குடிச்சாங்களா?"

"அது எழுதலை. ஆனா கடைசில கடவுள் அவங்களத்தான் திட்டுனாரு. யோபு பேசுனதுதான் சரின்னுட்டாரு."

"அவரு வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

"ஒரே ஒரு வரிதான். கடவுளத் திட்டிட்டுச் செத்துப்போங்கன்னாங்க. அதுக்கு யோபு, பைத்தியக்காரி மாதிரி பேசாதேன்னுட்டாரு."

"அவங்க பேரு?"

"பேரு போடலை."

"பத்துப் புள்ளையப் பறிகொடுத்தது அவளுந்தானே சிஸ்டர்?"

மங்கையர்க்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத, பெயர்கூட இல்லாத அந்தப் பெண்ணுக்காக அவள் அழுதாள், பாதி தனக்காகவும்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலையைக் கழுவப் போனாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்குப் போனாள். சிதம்பரநாதன் கோப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே முழுக் கதையையும் சொன்னாள். அவர் நிமிரவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடவுள் கோவிச்சுக்கலையா?"

"இல்ல. பதில் சொல்ல நேர்லயே வந்தாராம்."

"நேர்லயேவா?"

"நேர்லயே."

சிதம்பரநாதன் கையிலிருந்த கோப்பை அடுக்கைப் பார்த்தார். "நம்மகிட்ட ஒரு ஓவர்சியர்கூட நேர்ல வந்ததில்லையே" என்றார். அன்று அந்த அடுக்கை அவர் வரப்பில் வைக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

விழா ஹரிஹரன் மண்டபத்திலேயே நடந்தது. சிறப்பு விருந்தினர் புதுச்சேரியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பாசனப் பொறியாளர். ஹரிஹரன் அரை மணி நேரம் பேசினார். எல்லாம் இழந்தும் வாயே திறக்காதவர் யோபு, அதேபோல நம் சிதம்பரநாதனும் வாய் திறந்ததே கிடையாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தி, மரக்கேடயத்தைக் கையில் கொடுத்து, "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

சிதம்பரநாதன் இருமினார். "யோபு கத்துனாருங்க" என்றார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை.

"வாயே தொறக்கலைன்னு தலைவர் சொன்னாரு. தப்புங்க. நான் பொறந்த நாளு நாசமாப் போகன்னு கத்துனாரு. என்ன தப்பு செஞ்சேன், நேர்ல வந்து சொல்லுன்னு கத்துனாரு."

குத்துவிளக்கு எரிகிற மேடையில் நாசம் என்ற சொல் கேட்டதும் முன்வரிசையில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஹரிஹரன் சிரித்தபடி மைக்குக்குக் கை நீட்டினார். சிதம்பரநாதன் கொடுக்கவில்லை.

"நானும் கத்துறேன். நாம எல்லாரும் காரை எது மேல நிறுத்திட்டு வந்திருக்கோம் தெரியுங்களா? என் பொண்டாட்டியோட வாய்க்கா மேல! கொழாய் ரெண்டு முழம் ஒசரத்துல இருக்கு! தண்ணி என்ன படி வச்சா ஏறும்?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். அது வீண் வேலை. வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். கல்யாணத்துக்கு வராத நாதஸ்வரத்திலிருந்து ஆரம்பித்து, செத்த பசு, மோட்டார் திருடன், மூன்று சிநேகிதர்கள் என்று வரிசை பிசகாமல் வந்தார். முதல் ஆளாகப் பந்தியில் உட்கார்ந்திருந்த மோட்டார் திருடன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். மங்கையர்க்கரசி வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்கத்தானே அவள் இத்தனை காலம் காத்திருந்தாள்! அந்த நேரம் பார்த்து அவர், "காப்பில சர்க்கரைய அள்ளிக் கொட்டுறா, முப்பது வருசமா சகிச்சுக் குடிக்கிறேன்!" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"இப்பச் சொல்றேன்ல!" என்றார் மேடையிலிருந்து.

பொறியாளர் ஊருக்குப் புதியவர், மண்டபத்தில் இன்னும் எந்த விசேஷத்துக்கும் பந்தியில் உட்காராதவர். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிக் குழாயைப் பார்த்தார். செல்போனில் படமும் எடுத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் டைல்ஸை உடைக்க ஜேசிபி வந்தது. செலவு ஹரிஹரனுடையது. இனி யோபு பெயரில் விருது வேண்டாம், அவர் நாம் நினைத்த அளவுக்குப் பொறுமைசாலி இல்லை என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

தண்ணீர் வந்த அன்று பயிரில் பாதி கருகிப்போயிருந்தது. மீதிப் பாதிக்கு உயிர் இருந்தது. கலங்கலாக, குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் மடைக்கு எட்டியபோது ஹரிஹரனும் வந்து நின்றார். படம் பிடிக்க ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

சிதம்பரநாதன் வாய் பழைய பழக்கத்தில் 'ப' என்று குவிந்தது. மங்கையர்க்கரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவர் கருகிய பாதியை ஒரு தரம் பார்த்தார்.

"ரொம்ப லேட்டுங்க" என்றார்.

மங்கையர்க்கரசி மண்வெட்டியை எடுத்து, மடையைத் திறக்க அவர் கையில் கொடுத்தாள்.