பத்திரிகையில் அச்சான நாடு

அறுபதுகளில் சிதம்பரத்து முஸ்லிம் வீடுகளில் சபர் போய் வந்தவனுக்குப் பெண் சுலபமாகக் கிடைக்கும். கடல் கடந்து சம்பாதிக்கப் போவதைத்தான் சபர் என்போம். நான் போனது கம்போடியாவுக்கு. மூன்று வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தேன். ஒரு பெருநாள் லீவில் அங்கோர் கோயில்களைப் பார்த்தேன். தினமும் சிதம்பரத்துக் கோபுரத்தடியில் நடந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் அந்த ஆயிரம் வருஷத்துக் கல்லைப் பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றி வந்தேன். நான்கு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் கடலூரில் பெண் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே சபர் போன நாட்டையும் போடுவது வழக்கம். என் மாமா சிங்கப்பூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நான் இருந்தது கம்போடியா, மாமா."

"அது எங்க இருக்குன்னு பொண்ணு வீட்டுல கேட்டா, நான் மேப்ப விரிச்சிக்கிட்டா ஒக்காருவேன்? போற வழியில கப்பல் சிங்கப்பூர்ல நின்னுச்சில்ல?"

"அரை நாள் நின்னுச்சு. எங்கள எறங்க விடல."

"கண்ணால பாத்தேல்ல? போதும்."

போட்டோக்களை நீட்டினேன்.

"இடிஞ்ச கோயிலா? உள்ள வைப்பா. சிங்கப்பூர்ல இதெல்லாம் கெடையாது."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு சிங்கப்பூர் கிளம்பும் கடலூர்ப் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம்தான் யோசனை கேட்டார்கள். நானும் கூசாமல் சொன்னேன். கம்போடியாவைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அந்த நான்கு போட்டோவும் இன்னமும் எங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் என் மனைவி அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள்: சிங்கப்பூர்.